கரி துடைத்த துணி

ஓவியக் கூடத்துச் சுவர்களுக்குப் பட்டி பார்த்து வெள்ளையடிக்கிறவரை எல்லாரும் பட்டியார் என்றே கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷ வேலை. ஒவ்வொரு கண்காட்சி முடிந்ததும் ஆணி ஓட்டைகளை அடைப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேடுபள்ளம் பார்ப்பார். அவர் வேலை ஒழுங்காக இருந்தால் யார் கண்ணிலும் படாது. வீட்டுச் சுவர் மட்டும் காரை பெயர்ந்து கிடந்தது.

"ஊரார் சுவரெல்லாம் பளிச்சுனு இருக்கு. நம்ம சுவர் என்ன பாவம் பண்ணிச்சு?" என்பாள் மனைவி.

"நீயும் ஒரு கண்காட்சி வை, அடிச்சுத் தர்றேன்."

அந்த மாதம் வந்த ஓவியர் கலைப்பொருளை மதிக்காதவர். வாசலில் பலகையே வைத்திருந்தார்: 'செயலே கலை, மிஞ்சுவது குப்பை.' பெரிய சுவர் முழுக்க மூன்று வாரம் கரித்துண்டால் கோடு இழுத்தார். அந்தக் குப்பையை மூன்று கேமராக்கள் விடாமல் படம் பிடித்தன.

கடைசி நாள் காலை, விருந்தினர் முன்னிலையில் கோடுகளை அழிப்பதாக ஏற்பாடு. அழிக்க வேண்டியவர் பட்டியார்.

"பத்து நிமிஷம் போதும் பட்டியார். ரோலரை எடுத்து சரசரன்னு வெள்ளை அடிங்க. எல்லாரும் கை தட்டுவாங்க" என்றார் ஓவியர்.

"கரி மேல நேரா அடிச்சா நாளைக்கே சாம்பலாப் பூத்துடும் சார். முதல்ல துடைக்கணும். அப்புறம் கறை அடைக்க ஒரு பூச்சு. அது காஞ்சாதான் வெள்ளை."

"நாளைக்கு எப்படி இருந்தா என்ன? இந்தச் செயல்தான் முக்கியம்."

கூடத்துப் பொறுப்பாளர் பட்டியாரைத் தனியே இழுத்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு அடுத்த கண்காட்சி. சுவர்ல ஒரு கறை தெரிஞ்சாலும் நான் வேற ஆளைப் பாத்துக்குவேன், ஆமா."

பட்டியார் ரோலரைத் தொடவில்லை. வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, மேல் மூலையிலிருந்து முழம் முழமாகத் துடைக்க ஆரம்பித்தார். முதல் முழத்துக்குக் கை தட்டினார்கள். மூன்றாவது முழத்தில் இருமினார்கள். அரை மணி நேரத்தில் செல்போன்கள் வெளியே வந்தன.

ஓவியர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் சீக்கிரம் முடிங்களேன்!"

"செயல் நடந்துட்டுத்தானே சார் இருக்கு?"

ஒரு மணி நேரத்தில் கூடம் காலி. செயலைக் கும்பிட்ட மகானும் அதை உட்கார்ந்து பார்க்கப் பொறுமையில்லாமல் விருந்தினரோடு சாப்பிடப் போய்விட்டார். மூன்று கேமராக்களும் அவர் பின்னாலேயே போயின. பட்டியார் துடைத்து முடித்தார், அடைப்புப் பூச்சு அடித்தார், காயவிட்டார், சாயங்காலத்துக்குள் இரண்டு கை வெள்ளை அடித்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பொறுப்பாளர் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவர் பாராட்டும் விதம் அது. பட்டியாருக்கு வேலை நிலைத்தது.

அப்போது ஓவியர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பட்டியார், நேத்து துடைச்ச துணி எங்க?"

"எதுக்கு சார்?"

"கண்ணாடி போட்டு மாட்டணும். அதுல என் கரி இருக்கு. அது ஒண்ணுதான் மிச்சம்!"

பட்டியார் பின்பக்க ஜன்னல் கம்பியைக் காட்டினார். துணி காய்ந்துகொண்டிருந்தது.

"துவைச்சிட்டியா? மூணு வாரத்து உழைப்புய்யா! அறிவிருக்கா உனக்கு?"

ஓவியர் துணியை உருவி, வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்கேயாவது ஒரு கறுப்பு ஒட்டியிருக்கிறதா என்று ஓரம் ஓரமாகத் தேடினார். பட்டியார் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பாத்துட்டுக் கொடுங்க சார். மாடியில ஒரு சுவர் துடைக்கணும்."