அந்த ரிப்போர்ட்டை அவர் கொடுக்கவே இல்லை

லேப் நடராஜண்ணன் இன்று காலையில் போய்விட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். அதற்குக் கீழேயே சின்னம்மா கேட்டிருந்தார்… "நம்ம அக்காளுக்குத் தப்பா ரிப்போர்ட் குடுத்துப்போட்ட ஆளுதானே கண்ணு?"

ஆறேழு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். கும்பிடும் எமோஜியோடு.

இல்லை. இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன லேப் வைத்திருந்தார். என் அம்மாவுக்கு அப்போது அறுபது வயது, பத்து வருஷ சுகர். மாதாமாதம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வெறும் வயிற்றோடு அம்மாவை பஸ் ஏற்றிக் கூட்டிவந்து அவரிடம்தான் ரத்தம் கொடுப்போம்.

ஊசியைக் கையில் எடுத்ததும், "ஏனுங்கம்மா, ஊட்டுல இன்னிக்கு என்ன கொழம்பு?" என்பார். அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்திருப்பார்.

ஒரு மாதம் அம்மாவுக்குச் சுகர் நன்றாக இறங்கியிருந்தது. ஆளும் இளைத்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் என்ன டயட் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்… எனக்கும் பெருமைதான்.

நடராஜண்ணன் மட்டும் அம்மாவின் நகத்தைப் பிடித்துப் பார்த்தார். "சுகர் எறங்குனது சரிங்க… நகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது? வெளிக்கிப் போறதுல ஏதாச்சும் மாத்தம் இருக்குதுங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, மாத்திரையால் இருக்கும் என்றார். எது வந்தாலும் சுகர் மேல் பழியைப் போடுவதுதானே எங்கள் வழக்கம்.

"வயசான பொம்பளைங்களுக்குச் சுகர் இருந்தா, குடல்ல கேன்சர் வர்றதுக்கு வாய்ப்புக் கொஞ்சம் ஜாஸ்தின்னு டாக்டருங்க பேசிக்கறாங்க அம்மணி." என்னிடம் தனியாகச் சொல்லி ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். "மலத்துல ரத்தம் இருக்குதான்னு மட்டும் பாத்துப்போடலாமுங்க."

அம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது. "ஒரு ஆம்பளை கையில அதைய எப்படிக் குடுக்கறது?" என்று அழுதார். கடைசியில் ஒரு காலையில், மூன்று கவரில் சுற்றி என் கையில் கொடுத்தார். நான் வேலை பார்த்த ஆபீஸும் அவர் லேபுக்குப் பக்கத்தில்தான்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த ஆபீஸ் தோழி என் பையை மடியில் வாங்கிக்கொண்டாள். "என்னடி, இன்னிக்கு ஏதோ ஸ்பெஷலாட்ட இருக்குது?" என்று, சாப்பாடு என்று நினைத்துக் கவரைத் தொட்டுப் பார்த்தாள்.

இறங்கியதும் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் நார்மல் என்றேன். "பாத்தியா, நாஞ்சொன்னனல்ல" என்று சிரித்தார். அண்ணன் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, அடுத்த மாதத்திலிருந்து எங்கள் ஊரிலேயே ஒரு லேபுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அம்மா ஆஸ்பத்திரியில். குடலில் கேன்சர்… ஈரல் வரைக்கும் போயிருந்தது.

கேள்விப்பட்டு அண்ணன் பார்க்க வந்தார். கட்டிலைச் சுற்றிச் சொந்தம் மொத்தமும் நின்றது.

"நீங்க நார்மல்னு தானுங்களே சொன்னீங்க தம்பி…" என்றார் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்கம்மா. எங்க லேபுலதான் தப்பு நடந்துபோச்சுங்க. மன்னிச்சுக்கங்க."

வராண்டாவில் வைத்து எங்கள் ஆட்கள் அவரைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தரும் அந்த லேப் படி ஏறவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

எத்தனையோ தடவை எதிரில் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கீங்களா அம்மணி?" அவ்வளவுதான் கேட்பார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை.

இப்போது எனக்கும் சுகர். போன மாதம் டாக்டர் அதே மாதிரி ஒரு டப்பாவை நீட்டினார்… கூசாமல் வாங்கிப் போய்க் கொடுத்தேன். நார்மல். எனக்கு மட்டும்.

சின்னம்மா, அம்மாவுக்கு அவர் எந்த ரிப்போர்ட்டும் கொடுக்கவில்லை. பொய் சொன்னது நான். திட்டுவதென்றால் இங்கே வந்து திட்டுங்கள்.

நடராஜண்ணா… அங்கே அம்மாவைப் பார்த்தால், இந்தத் தடவை உண்மையைச் சொல்லிப்போடுங்க.

போய்ட்டு வாங்க.