சிவப்பில் நின்றவர்

இந்த ஊரில் சைக்கிளுக்கென்று தனி சிக்னல் உண்டு. கார்களுக்கான விளக்குக் கம்பத்திலேயே, நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மூன்று குட்டி விளக்குகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சைக்கிள் படம். சிவப்புச் சைக்கிள் எரிந்தால் நிற்க வேண்டும், பச்சைச் சைக்கிள் எரிந்தால் போகலாம். வடக்கு ஜெர்மனியின் இந்த நடுத்தர நகரத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வாரம், காலை ஷிப்டுக்குப் போகும் வழியில், அந்தச் சிவப்புக்கு முன்னால் ஒரு பெரியவர் நிற்பதைப் பார்த்தேன். சாலையில் ஈ காக்கை இல்லை. தூறல் வேறு. அவரோ ஒரு காலைத் தரையில் ஊன்றி, கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர் போல நின்றிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன். பின்னாலிருந்து அவர் ஏதோ உரக்கச் சொன்னார். புதிதாக வந்த ஆளுக்குக் காலை வணக்கம் சொல்கிறார் போலும் என்று திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். காதில் விழுந்ததை வார்டில் அப்படியே ஒப்பித்துக் காட்டியபோது உடன் வேலை செய்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது வணக்கம் இல்லையாம். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாரும் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

அன்றுதான் தெரிந்துகொண்டேன். சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் தேவைப்படாத இந்த நாட்டில், சைக்கிளில் சிவப்பைத் தாண்டினால் அபராதம் உண்டு. அதோடு தாண்டியவரின் பெயரில் அரசாங்கப் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளியும் விழும். ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்று மாலையே அண்ணனுக்கு வீடியோவில் அழைத்து அந்தக் குட்டி விளக்கைக் காட்டினேன்.

தங்கவேல் அண்ணன் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை நர்சிங் படிக்க வைத்தவர் அவர்தான். சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து நாலு மைலில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு லேத் வேலை. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடக்க நேரமில்லை என்று வண்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு அண்ணன் சைக்கிளுக்கு மாறினார். திரையில் விளக்கைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

"சைக்கிளுக்கெல்லாம் சிக்னலா? அப்ப ஆட்டுக்குட்டிக்கு எங்க வெச்சிருக்காங்க அம்மணி?"

"சிரிக்காதீங்கண்ணா. தாண்டுனா போலீஸ் புடிச்சு பைன் போடுது."

"இங்க ஹெல்மெட் போடாதவனைத்தான் புடிப்பாங்க. சைக்கிள்காரனை ஆரு திரும்பிப் பாக்கறாங்க?"

அவர் அதை ஒரு சலுகை போலத்தான் சொன்னார். எனக்கும் அப்போது அப்படித்தான் கேட்டது. எங்கள் பக்கத்துச் சாலையில் சைக்கிளில் போகிறவர் சிக்னலைப் பார்ப்பதில்லை, சிக்னலும் அவரைப் பார்ப்பதில்லை. சாலையோரத்து வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில், தண்ணீர் ஓடுவது போல அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். பஸ்ஸும் லாரியும் அவர் போய்விடுவார் என்ற கணக்கில்தான் திரும்பும்.

நான் இங்கே நிற்கப் பழகினேன். முதலில் பயத்தில் நின்றேன், பிறகு பெருமையில் நின்றேன். புலம்பெயர்ந்தவர்களுக்கு வருகிற வியாதி இது. வந்த ஆறாவது மாதமே, இந்த நாட்டின் ஒழுங்கை நாமே கண்டுபிடித்த மாதிரி ஊருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறோம். குப்பை பிரிப்பது, வரிசையில் நிற்பது, குறித்த நேரத்துக்கு வருவது. நான் அண்ணனிடம் ஓயாமல் பேசினேன். அவரும் நானும் பேசிக்கொள்ள வேறு என்ன இருந்தது? என் வேலை அவருக்குப் புரியாது. அவர் பட்டறையில் புதிதாக எதுவும் நடக்காது. சைக்கிள் இரண்டு பேரிடமும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அழைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மணி, நேத்து நானும் நின்னுபோட்டேன்."

"எங்கண்ணா?"

"நம்ம சிக்னல்லதான். செவப்பு உழுந்துச்சு. கால ஊனி நின்னுட்டேன். பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரனா அடிக்கறான். தலைய நீட்டி, 'ஏனுங்க, ஓரமாப் போறதுங்களா'ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செவப்பு போட்டிருக்குதுங்கன்னேன்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் தினமும் நின்றார். பட்டறையில் அவரை 'ஜெர்மன்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம். கேலியை அவர் ரசித்தார். ஹாரன் தொல்லையைப் பற்றி மட்டும் ஒருமுறை சலித்துக்கொண்டார். பேசாமல் பழையபடி போய்விடலாமா என்று தோன்றுவதாகச் சொன்னார். நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "ஹாரன் அடிக்கறவங்க அடிக்கட்டுமுங்கண்ணா. நீங்க நில்லுங்க. நீங்க நின்னாத்தான் நாளைக்கு இன்னொருத்தர் நிப்பாரு."

இன்னொருவர் நிற்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை, அதே சிக்னலில், இடது ஓரத்தில், கோட்டுக்குப் பின்னால் காலூன்றி நின்றிருந்த அண்ணன் மேல், இடப்பக்கம் திரும்பிய டிப்பர் லாரி ஏறியது. நான் வார்டில் ஒரு பாட்டிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் தம்பி அழைத்தார். அந்த மாத்திரையைக் கொடுத்தேனா இல்லையா என்பது இன்றும் எனக்கு நினைவில்லை. அறுத்துக் கொடுத்த உடம்பை வைத்திருக்க முடியாது என்று, நான் கோவை விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே மின்மயானத்தில் எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். என் அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது அலைபேசித் திரையில்தான்.

என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னவர் அந்த சிக்னலில் பூ விற்கும் ராஜாமணி அக்கா. மல்லிகைச் சரத்தைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவரு தெனமும் அந்தக் கோட்டுலதானுங்க நிப்பாரு. அன்னிக்கும் நின்னாரு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். அவரு கையத் தூக்கி வெளக்கைக் காட்டுனாரு. அவன் இவரு போயிருவாருன்னு நெனச்சு லாரிய இடதுபக்கமா ஒடிச்சுப்போட்டானுங்க." சரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடியும் சொன்னார். "கையத் தூக்கிக் காட்டுனாருங்க."

காவல் நிலையத்தில் எழுதி வைத்திருந்தது வேறு. சைக்கிளில் வந்தவர் கவனக்குறைவாகக் குறுக்கே வந்ததால் விபத்து என்று இருந்தது. நான் அதை மாற்றச் சொன்னேன். எழுத்து வேலை பார்த்த ஏட்டு நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"செவப்பு போட்டிருந்துச்சுங்கறீங்க. செரிங்க. சைக்கிள்ல போறவரு செவப்புக்கு எதுக்குங்க நிக்கோணும்?"

"ரூல்சுங்க."

"ரூல்சு எல்லாத்துக்கும் இருக்குதுங்க. எங்க சர்வீசுல அப்படி ஒருத்தரு நின்னு பாத்ததில்லீங்க. எழுதுனா, படிக்கறவங்க நம்பற மாதிரி இருக்கோணுமில்லீங்க?"

மூன்று முறை போனேன். மூன்றாவது முறை ராஜாமணி அக்கா கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு என்னோடு வந்தார். அவர் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார். "சிவப்பு விளக்கு எரிந்ததால் நின்றுகொண்டிருந்தார்" என்ற வரியை எனக்குப் படித்துக் காட்டினார். ஐந்தாயிரம் மைல் பறந்து வந்து நான் அண்ணனுக்குச் செய்ய முடிந்தது அந்த ஒரு வரிதான். வழக்கு இன்னும் நடக்கிறது. லாரி ஓட்டியவர் ஜாமீனில் வந்து வேறு லாரி ஓட்டுகிறார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அண்ணி என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"அந்த ஏட்டையா கேட்டதுல தப்பில்ல அம்மணி. எதுக்கு நின்னாருன்னு அவருக்கெப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நீ சொன்னேன்னு நின்னாரு."

அவர் மடித்து வைத்த துணி ஒன்றை எடுத்து நான் மறுபடியும் மடித்தேன்.

"கோவத்துல சொல்லல கண்ணு. நின்னுட்டு வர்ற அன்னிக்கெல்லாம் மொகம் அத்தன தெளிச்சியா இருக்கும். எந்தங்கச்சி ஊர்ல இப்படித்தான்னு தெருவுல போறவங்களையெல்லாம் நிறுத்திச் சொல்லுவாரு."

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்த பிறகு எனக்கு ஒரு கோளாறு வந்தது. சிவப்பில் நிற்பேன். பின்னால் கனமான வண்டி ஒன்று வந்து பிரேக் போட்டு நிற்கும். இங்கே அவை சரியாகக் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காற்றுப் பிரேக்கின் சீறல் காதில் விழுந்ததும் கால் தானாக மிதிக்கத் தொடங்கிவிடும். அப்படித்தான் ஒரு நாள் கால் மிதித்தது. எதிர்ப்பக்கம் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். இளைஞர், மரியாதையானவர்.

"சிக்னல் சிவப்பாக இருந்ததைப் பார்க்கவில்லையா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. பார்த்தும் வந்தாயா என்ற அர்த்தம். விளக்க நினைத்தேன். நோயாளியின் மகளிடம் மரணத்தைப் பக்குவமாகச் சொல்லுமளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வாக்கியமே வரவில்லை. உதிரி உதிரியாகத்தான் வந்தது. "என் ப்ரூடர்... அண்ணன். ஊரில். சிவப்பு. லாரி. இறந்துவிட்டார்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். முகம் உண்மையாகவே வாடியது. "வருந்துகிறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "பார்த்தீர்களா? அதனால்தான் சிவப்பில் நிற்க வேண்டும்."

நான் அதைத் திருத்தவில்லை. எங்கிருந்து திருத்துவது? அண்ணன் சிவப்பைத் தாண்டியவர் அல்ல, நின்றவர் என்று அவருக்குச் சொல்ல எந்த மொழியில் எத்தனை வாக்கியம் வேண்டும்? எங்கள் ஊர் ஏட்டுக்கே தமிழில் சொல்ல மூன்று நாள் ஆனது. ரசீதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். இந்த நாட்டுப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக ஒரு புள்ளி விழுந்தது. ஊரில் அண்ணனின் பெயருக்கு நேராக ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் படிக்கிற யாருக்கும் எங்களைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கும், என்னைப் போல வெளியே வந்தவர்களுக்கும் நான் எந்தப் பாடமும் சொல்லப் போவதில்லை. பாடம் சொல்லும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது சிக்னலுக்கு ஐம்பதடி முன்னாலேயே இறங்கிவிடுகிறேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் ஏறி, நடப்பவர்களோடு சேர்ந்து கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்கிறேன். போன முறை திதிக்குச் சூலூர் போனபோதும் பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு போய், அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். அங்கே நடைபாதை இல்லை. சைக்கிளில் போகிறவர்கள் ஒரு பக்கம் உரசிக்கொண்டு போனார்கள், லாரிகள் மறுபக்கம். யாரோ ஒரு அம்மா நின்று, "ஏனுங்க, பஞ்சருங்களா?" என்று கேட்டார். இங்கேயும் வாரத்துக்கு ஒருவராவது அதையே ஜெர்மனில் கேட்கிறார்கள், பம்பு வேண்டுமா என்று பையைத் திறக்கிறார்கள். இரண்டு டயரிலும் காற்று கல்லு மாதிரி இருக்கும். நான் இரண்டு ஊரிலும் ஆமாம், பஞ்சர்தான் என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போகிறேன்.