பின்கதவின் சாவி

எங்கள் அயனம்பாக்கம் அடுக்ககத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு வீரர்கள் வந்து செயல்விளக்கம் காட்டினார்கள். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு அணைக்க வேண்டும். படிக்கட்டில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் வைக்கக் கூடாது. வெளியேறும் வழி எதையும் பூட்டக் கூடாது. எல்லோரும் கைதட்டினோம். அவர்களுடைய வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் செயலாளர் போய்ப் பின்படிக்கட்டின் இரும்புக் கதவைப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். திருட்டுப் பயம் என்றார். சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் அந்த வழியாக ஏறிவிடுகிறார்கள் என்றார். கடைசியில், "கவலப்படாதீங்க மேடம், சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று சிரித்தார்.

இதே வாக்கியத்தை நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது கேட்டிருக்கிறேன். அதனால் அன்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இது வேறு மாதிரி சொல்லப்படுகிறது. அது தவறு.

சித்தியின் கல்யாணம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நடத்திவைத்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. வானகரத்தில் நிலம் வைத்திருந்தவர். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மண்டபத்தின் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டுச் சமையல். சுற்றிலும் உயரமான மதில், அதன் உச்சியில் கண்ணாடிச் சில்லுகள். கொட்டகைக்கு இரண்டே வழிகள். ஒன்று பந்தி நடக்கும் கூடத்துக்குப் போகும். இன்னொன்று பின் சந்துக்குப் போகும் தகரக் கதவு. அந்தத் தகரக் கதவை மாமா முதல் நாளே வெளிப்புறமாகப் பூட்டிவிட்டார். காரணத்தை அவர் ஒளிக்கவும் இல்லை. சமையல்காரர் காதில் விழும்படியே சொன்னார்: "தொறந்து வுட்டா எண்ணெ டின்னும் சக்கரையும் நடந்து பூடும். சாவி எங்கிட்ட பத்திரமா கீது."

சமையல்காரர் விறகு எடுக்க மண்டபத்தையே சுற்ற வேண்டுமே என்று மட்டும் கேட்டார்.

"சுத்திகினு போ. தேஞ்சா பூடுவ?" என்றார் மாமா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் காலை முகூர்த்த நேரத்தில் எல்லோரும் மேடை முன்னால் இருந்தார்கள். நான் மட்டும் வடை வாசனைக்குக் கொட்டகைக்குள் போய்விட்டேன். உதவியாட்கள் பந்திக்கு வாளிகளைத் தூக்கிப் போயிருந்ததால் சமையல்காரர் தனியாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வடையை இலைத்துண்டில் வைத்து ஊதிக் கொடுத்தார். அப்போதுதான் வாணலியில் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீ வாணலிக்குள் ஏறிக்கொண்டது. அவர் பெரிய அண்டாவின் மூடியை எடுக்கத் திரும்பினார். அதற்குள், கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த ஓர் உறவுக்காரர் வாசலில் நின்றபடி ஒரு குடம் தண்ணீரை அதில் வீசினார். நல்ல எண்ணத்தோடுதான் வீசினார். தீ சீறி எழுந்து கீற்றைப் பிடித்தது. வடை சூடாகப் பந்திக்குப் போக வேண்டும் என்று அடுப்பைக் கூடத்து வாசலை ஒட்டியே போடச் சொன்னவரும் மாமாதான். அதனால் அந்த வழி தீயால் அடைபட்டுப்போயிற்று.

உறவுக்காரர் நெருப்பு நெருப்பு என்று கத்திக்கொண்டு மேடைப்பக்கம் ஓடினார். அந்தக் கணத்தில் கெட்டிமேளம் தொடங்கியது. தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ மணமக்களின் காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம்? அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

சமையல்காரர் என்னை இழுத்துக்கொண்டு தகரக் கதவுக்கு ஓடினார். தோளால் இடித்தார். ஜல்லிக்கரண்டியால் அடித்தார். கரண்டி வளைந்தது, கதவு அசையவில்லை. ஒரு சாக்கை அரிசி கழுவிய தண்ணீரில் முக்கி என் தலைமேல் போட்டு, என்னைக் கதவோடு ஒட்டி உட்காரவைத்து, எனக்கு முன்னால் அவர் குனிந்து நின்றுகொண்டார். எரியும் கீற்று ஒன்று அவர் கைமேல் விழுந்தது. அவர் நகரவில்லை. "கண்ண மூடிக்க பாப்பா, தோ வந்துட்டாங்க" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் வந்திருக்கவில்லை.

மேளம் நின்ற பிறகுதான் வந்தார்கள். தகரத்தின் இடுக்கு வழியாக மாமாவின் விரல்கள் தெரிந்தன. சாவி துளைக்குள் போகாமல் வழுக்கியது. கடைசியில் பூட்டு திறந்தது. மாமா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய பட்டுச் சட்டையில் சந்தன வாசனையும் புகை வாசனையும் கலந்து அடித்தன.

மதியப் பந்திக்குச் சாப்பாடு பக்கத்து ஓட்டல்களிலிருந்து வந்தது. அது வந்து சேர்வதற்குள் கதை தயாராகிவிட்டது. மாமா கதவை உடைத்துக் குழந்தையைக் காப்பாற்றினார். சிலர் தோளால் உடைத்தார் என்றார்கள், சிலர் ஒரே உதையில் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு வந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. "மாமா ஒடைக்கல. அவருதான் பூட்டனாரு. சாவி போட்டுத் தொறந்தாரு" என்று கூடத்தின் நடுவில் நின்று சொன்னேன். அம்மா என்னை அறைந்தாள். அதுவரை யாரிடமும் அடி வாங்காத நான், தீயிலிருந்து பிழைத்த அன்று உண்மை சொன்னதற்காக வாங்கினேன். பூட்டு முழுதாகத் தொங்குவதைப் போய்ப் பாருங்கள் என்று கத்தினேன். போய்ப் பார்த்தவர் ஒருவர்தான், மாமா. பூட்டையும் சாவியையும் மடியில் முடிந்துகொண்டு வந்தார்.

எனக்கு இன்னும் ஒரு சாட்சி இருந்தது. கையில் வாழைக்குருத்தைச் சுற்றிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்த சமையல்காரரிடம் போய், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ஐயா வந்து ஒடைக்கலன்னா நம்ம ரெண்டு பேரும் சாம்பல்தான் பாப்பா."

மாமா அவர் முதுகில் தட்டினார். வைகாசியில் வரும் தன் மகன் கல்யாணத்துக்கும் நீயே வந்து சமைத்துவிடு என்றார்.

அன்று மாமாமீது வந்த கோபத்தைவிட சமையல்காரர்மீது வந்த கோபம் பெரிது. மாமா சாகும்வரை அந்தக் கதை ஓடியது, அவருடைய கருமாதியிலும் ஒருவர் கண்கலங்கிச் சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் என்னை உட்காரச் சொன்னார்கள்.

வைகாசிக் கல்யாணம் அதே மண்டபத்தில்தான். கொட்டகைக்குப் புதுக்கீற்று போட்டிருந்தார்கள். தகரக் கதவும் பூட்டியிருந்தது, அதே பூட்டு. சமையல்காரரின் கையில் முழங்கைவரை தோல் சுருங்கிப் பளபளத்தது. இந்த முறை அடுப்பைக் கொட்டகையின் நடுவில் போட்டிருந்தார். பந்திக்குத் தூரமாக இருக்கிறதே என்று மாமா சத்தம் போட்டதற்கு, அங்கே தரை சரியில்லை ஐயா என்று பணிவாகச் சொன்னார். தரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது. தகரக் கதவின் ஓரமாக ஒரு கடப்பாரை சாய்ந்திருந்தது.

சாம்பார் வைக்கக் கடப்பாரை எதற்கு என்று கேட்டேன்.

"தேங்கா உரிக்க, பாப்பா" என்றார் தலை நிமிராமல்.

தேங்காய்கள் உரித்தே வந்திருந்தன. மூட்டையாக அவர் காலடியிலேயே கிடந்தன. இது இவர் சொல்லும் அடுத்த பொய் என்று எண்ணி, அவர் ஊதி நீட்டிய வடையை வாங்காமல் நான் திரும்பி நடந்தேன்.