டார்ஜிலிங் ராபின் என்ற பெயரில் தேர்வு எழுதியவர்

செய்தி அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தியாக வந்தது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் படித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வரிகள். ஜெசிந்தா மேடம் இன்று அதிகாலை காலமானார் என்பது முதல் வரி. கம்ப்யூட்டர் லேப் பதினோரு மணிக்குத்தான் திறக்கும் என்பது இரண்டாவது. குடம் நிரம்பி வழிந்ததைப் பின்னால் நின்ற பெண்மணி சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

டெங்குக் காய்ச்சல். மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தார். வயது முப்பத்திரண்டு.

பிரேசர் டவுனில் அவர் சென்ற தேவாலயத்தின் முப்பதாம் நாள் நினைவு மலருக்கு, அலுவலகத்தில் உடன் இருந்தவர் என்ற முறையில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவில் பாடிய ஜெசிந்தாவை அங்கே எல்லோருக்கும் தெரியும். வாரத்தின் மற்ற ஆறு நாட்களில் அவர் என்ன செய்தார் என்பது அவருடைய தாயாருக்கே சரியாகத் தெரியாது. நான் அதைத்தான் எழுதுகிறேன்.

மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறிய வருடம் நான் அந்தப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். மல்லேஸ்வரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. தேர்வு கணினிக்குப் போனதும் மாணவர்கள் பயிற்சித் தேர்வையும் கணினியிலேயே கேட்டார்கள். வீட்டிலிருந்தபடி இணையத்தில் எழுதலாம் என்று எங்கள் நிறுவனம் விளம்பரம் செய்தது. அந்தத் தேர்வுகளின் பொறுப்பாளர் ஜெசிந்தா அக்கா. அவருக்கு உதவியாளராக என்னை எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா மாநகராட்சியில் தெருக் கூட்டுபவர். வேலைக்கான நேர்காணலில் நான் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

முதல் நாள் அக்கா கேட்டார்: "என்ன படிச்ச?"

"பி.காம்."

"சாப்ட்டியா?"

சாப்பிட்டிருக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"இதுக்கு நாலு ஆப்ஷன் குடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, தன் டப்பாவிலிருந்த சப்பாத்தியில் ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தார்.

எங்கள் வேலையைப் பற்றி வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. நான் இப்போது அங்கே வேலையில் இல்லை, அதனால் சொல்கிறேன். நுழைவுத் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்பதைவிட, எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை நாம் முந்தியிருக்கிறோம் என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கைச் சொல்ல ஒரு கூட்டம் வேண்டும். எங்களுக்கோ பணம் கட்டியவர்கள் சொற்பம். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் ஊழியர்கள் ஆறு பேர் லேபில் உட்கார்ந்து, ஆளுக்குச் சில கற்பனைப் பெயர்களில் உள்ளே நுழைந்து, வேண்டுமென்றே மோசமாகத் தேர்வு எழுதுவோம். எங்கள் பெயர்கள் பட்டியலின் அடியில் போய்ச் சேரும். பணம் கட்டிய பிள்ளைகள் அதனாலேயே மேலே நிற்பார்கள். மகிழ்ந்து அடுத்த தேர்வுக்கும் பணம் கட்டுவார்கள்.

முதல் சனிக்கிழமை நான் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்துகொண்டே போனேன். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன இது, கோலத்துக்குப் புள்ளி வெக்கற மாதிரி குத்திக்கினு போற?"

"தப்பா தானே போடணும் அக்கா?"

"தப்புன்னா எப்படி வேணா போட்டுடலாமா? இந்த சஞ்சய் யாரு? லக்னோ. கணக்குல புலி, ஆனா அவசரக் குடுக்கை. 'எது இல்லை'ன்னு கேட்டா, 'எது'ன்னு படிச்சிட்டுப் போயிடுவான். அவன் போடற தப்பைப் போடு. உன் இஷ்டத்துக்குப் போட்டா அவன் மனசு கஷ்டப்படும்ல?"

லேபில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஊர், குணம், பலவீனம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒருவர் எந்தத் தவறில் விழுவார் என்று தெரிய வேண்டுமானால் முதலில் சரியான விடை தெரிய வேண்டும். அந்த வேலையைச் செய்தே நான் கணக்குக் கற்றுக்கொண்டேன்.

இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. நாங்கள் ஏமாற்றினோம். அவரும்தான் ஏமாற்றினார். ஒரு மாணவி, தன் இடம் மிகவும் உயர்ந்துவிட்டது என்று ஒரு பெட்டி மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அக்கா மட்டும் தன் பங்கை மேசையிலேயே வைத்துவிட்டார். அந்தப் பெண் படியிறங்கிப் போனதும் சொன்னார்: "அவளுக்குப் பின்னாடி நிக்கறது பூரா நான் பெத்த புள்ளைங்க. அது தெரியாம எனக்கே ஸ்வீட் குடுத்துட்டுப் போறா." அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

கேள்விகளை வேறு ஒரு நிறுவனம் தயாரித்து அனுப்பும். அவற்றைச் சரிபார்ப்பதும் அக்காவின் பொறுப்பு. விடைப் பட்டியலைத் திறக்காமல், கடிகாரம் வைத்து, முழுத் தேர்வையும் முதலில் தானே எழுதிவிடுவார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்பதால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: ராபின், ஊர் டார்ஜிலிங். ராபின் மட்டும் உண்மையாக எழுதுவார். ஆகவே ஒவ்வொரு வாரமும் ராபின்தான் முதலிடம். மாணவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். நிறுவன உரிமையாளரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் அவரே லேபுக்கு வந்துவிட்டார்.

"யாரும்மா இந்த ராபின்? சும்மா உக்காந்திருக்கியே, ஃபோன் போடு. அவன் போட்டோவ விளம்பரத்துல போடலாம்."

"ராபின் டார்ஜிலிங்ல இல்ல சார். பிரேசர் டவுன்ல இருக்கார்."

"இன்னும் நல்லதாப் போச்சு. வரச் சொல்லு."

"வந்து காலையிலேர்ந்து இங்கதான் சார் உக்காந்திருக்கார்."

சாருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஆண்டு அக்கா தன் சொந்தப் பெயரில் உண்மைத் தேர்வை எழுதினார். 98.6 வந்தது. ஒரு நல்ல கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. வேலை அனுபவத்துக்குச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கேள்வித்தாள் தட்டச்சு செய்பவராகச் சேர்ந்ததிலிருந்து அவர் அங்கே ஆறு வருடம் வேலை பார்த்திருந்தார். சம்பளம் கவரில் வரும். கையில் வேறு எந்த ஆதாரமும் கிடையாது. நான் கடிதத்தைத் தட்டச்சு செய்து, கோப்பில் வைத்து, அவருடனே சாரின் அறைக்குப் போனேன்.

சார் கடிதத்தைப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. மேசையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நகர்த்தினார். அது, தான் இந்த நிறுவனத்தில் படித்த மாணவி என்றும், தன் படத்தையும் மதிப்பெண்ணையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் மாணவர்கள் கையெழுத்திடும் படிவம்.

"நீ இதுல போடு, நான் அதுல போடறேன். முடிஞ்சுது."

"நான் இங்க ஸ்டூடண்ட் இல்ல சார், ஸ்டாஃப்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? இங்க இருந்துதானே கத்துக்கினே?"

"வித்தியாசம் இல்லன்னா ஸ்டாஃப்னே போடுங்க சார்."

"ஸ்டாஃப்னு போட்டா எவன் வந்து பீஸ் கட்டுவான்?"

அக்கா என்னைப் பார்த்தார். ஆறு வருடமாக இவர்தான் இங்கே எல்லாம் செய்கிறார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாரின் மனம் மாறியிருக்காது, ஆனாலும் சொல்லியிருக்கலாம். நான் கோப்பின் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவர் கோபப்படவில்லை. "பேசறதுக்கு நெகட்டிவ் மார்க் கெடயாதுடி, தெரியும்ல?" என்று மட்டும் சொன்னார்.

சான்றிதழ் இல்லாமல்தான் நேர்காணலுக்குப் போனார். மறுநாள் கேட்டபோது, சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆறு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். பேப்பர் எங்கன்னாங்க. இல்லன்னேன். அப்புறம் ரொம்ப மரியாதையா தண்ணி குடிங்கன்னாங்க." இடம் கிடைக்கவில்லை.

வேறு வேலைக்குப் போகக் கூடாதா என்று நான் ஒரு முறை கேட்டேன். "எங்க போனாலும் இந்த ஆறு வருஷத்துக்கு என்னத்தைக் காட்டறது?" என்றார். பிறகு, திரையைப் பார்த்தபடி, "கையெழுத்துப் போட்டிருக்கலாமோ? ரொம்பப் பிடிவாதம் பிடிச்சிட்டேனோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்காக விலை கொடுத்தவர் நான் அல்ல.

மீண்டும் விண்ணப்பித்தார். இந்த முறை சான்றிதழ் கேட்காத கல்லூரிகளாகப் பார்த்துத் தேடிப் பட்டியல் போட்டார். ஹால் டிக்கெட்டை அச்செடுத்து என்னிடம் காட்டினார். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. சனிக்கிழமைத் தேர்வை முடித்துவிட்டுப் போகிறேன் என்று மாத்திரை போட்டுக்கொண்டு லேபில் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை நான்தான் ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினேன்.

அடக்கத்துக்கு சார் வந்தார். பெரிய மலர் வளையம். குறுக்கே நிறுவனத்தின் பெயர் போட்ட ரிப்பன். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "அஞ்சலி போடணும், அவ போட்டோ ஒண்ணு எடும்மா" என்றார். அக்காவின் ஊழியர் கோப்பிலிருந்து நானே படத்தை எடுத்துக் கொடுத்தேன். அஞ்சலிக்கு மட்டும்தானா என்று கேட்கவில்லை.

நான்காம் நாள் கட்டடத்தின் முகப்பில் ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. அக்காவின் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு. கீழே 98.6. அதற்கும் கீழே ஆங்கிலத்தில், 'எங்கள் மாணவி'. இறந்துவிட்டார் என்று எங்கும் இல்லை. மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. புதிய வகுப்புகளுக்கான சேர்க்கைத் தேதி மட்டும் இருந்தது.

நான் படியேறி சாரின் அறைக்குப் போனேன்.

"அவங்க ஸ்டூடண்ட் இல்ல சார், ஸ்டாஃப்."

"இப்ப யாரும்மா வந்து கேக்கப் போறா?" என்றார்.

அன்றே வேலையை விட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒரு வருடம் தாமதமாகச் சொன்ன வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் அம்மாவைப் பார்க்கப் போனேன். பள்ளிச் சீருடைகள் தைப்பவர். மிஷின் மேல் துணி அப்படியே கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மல்லேஸ்வரம் பக்கம் ஆட்டோவுல போனேன் கண்ணு. எம்பொண்ண எவ்ளோ பெருசா போட்டிருக்காங்க பாத்தியா? அந்த சார் நல்லா இருக்கணும். கழட்டுறப்ப அத எனக்கு வாங்கிக் குடுப்பியா? வீட்டுல வெச்சுக்கறேன்."

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சரி ஆன்ட்டி என்றேன்.

பேனரை இறக்கிய அன்று காவலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் விரிக்க இடமில்லாமல் சந்திலேயே விரித்தேன். என் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து முதலில் நிறுவனத்தின் பெயரை வெட்டினேன். சேர்க்கைத் தேதியை வெட்டினேன். 'எங்கள் மாணவி' என்பதை எழுத்து எழுத்தாக வெட்டினேன். எண்ணுக்கு வந்ததும் கை நின்றது. அது அவர் உட்கார்ந்து எழுதி வாங்கியது. அதைச் சுற்றி வளைத்து வெட்டி, முகத்தோடு சேர்த்தே விட்டுவிட்டேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது, அக்காவின் அம்மா அதைக் கட்டில் மேல் விரித்துத் தடவிப் பார்த்தார். "கீழ எழுத்தெல்லாம் இருந்துச்சே கண்ணு, எங்க?"

"மழையில கிழிஞ்சிடுச்சு ஆன்ட்டி."

ஆன்ட்டி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். மழையில் கிழியவில்லை. நான்தான் வெட்டினேன். அந்த எழுத்து பொய். உங்கள் மகள் அங்கே படிக்கவில்லை. ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தார். அந்த எண் மட்டும் உண்மை.

அக்கா, அமைதியாக உறங்குங்கள்.