இரண்டு உயரம், ஒரு சைக்கிள்

என் கணவர் ஆறடி. நான் செருப்போடு சேர்த்து ஐந்தடி. கல்யாண போட்டோவில் என்னை ஒரு பலகை மேல் ஏற்றி நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் இந்த வித்தியாசத்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பரணில் இருக்கும் பாத்திரத்தை அவர் எடுப்பார், கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரையை நான் எடுப்பேன். மகளுடைய மவுண்டன் பைக் வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது.

மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த ஜோரில் அதை வாங்கி, இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, கல்லிடைக்குறிச்சிக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். "அப்பாவுக்கு சுகர் இருக்குல்லா, ஓட்டட்டும்" என்றாள். அம்மாவுக்குச் சுகர் இல்லை, அதனால் அம்மா ஓட்ட வேண்டாமாம். எனக்கு வந்த கோபத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமையே நான்தான் முதலில் ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் ஏற்பாடு இதுதான். ஞாயிறு காலையில் கால்வாய்க் கரையோடு மணிமுத்தாறு பக்கம் போகும் மண் பாதை. பாதி தூரம் அவர் சைக்கிளில் போவார், நான் ஸ்கூட்டரில் பின்னால் வருவேன். மதகு வந்ததும் மாற்றிக்கொள்வோம். பின்னால் வருகிறவருக்கு வாய்க்கு மட்டும்தான் வேலை. நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன், அவர் பொதுப்பணித் துறையில். வார நாட்களில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு "கேஸ் வந்துச்சா", "கதவப் பூட்டியாச்சா" அவ்வளவுதான். மிச்சப் பேச்செல்லாம் அந்தக் கரையில்தான் கொட்டும். "ஏட்டி, கியர மாத்து, மலையா ஏறுத?" என்று அவர் கத்துவார். "நீங்க மொதல்ல ஹாரன அடிக்காம வாங்க" என்று நான் கத்துவேன். வயலில் நிற்கிற கொக்குகளுக்குக்கூட எங்கள் குடும்ப விஷயம் அத்தனையும் தெரியும்.

மதகில் மாற்றும்போதுதான் சண்டை. சீட்டைத் தாங்கும் கம்பியைத் தளர்த்தி, இறக்கி, நேராக்கி, இறுக்க வேண்டும். அந்தக் கம்பியில் அவர் உயரத்துக்கு ஒரு விபூதிக் கோடும் என் உயரத்துக்கு ஒரு குங்குமக் கோடும் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் தூறலில் இரண்டும் அழிந்துவிட்டன. அவர் ஒரு குத்துமதிப்பாக இறக்கிக் கொடுத்தார். எதிரே ஆடு வந்ததும் நான் பிரேக் பிடித்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. பைக்கோடு அப்படியே சாய்ந்து நாற்று நட்ட வயலுக்குள் போய் உட்கார்ந்தேன்.

"எக்கா, நீங்களும் நடவுக்கு வந்துட்டியளா?" என்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள். இவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த வாரம் மதகில் நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, "இனிமே நீயே ஓட்டு, நான் வரல" என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு அவர் கட்டிலில் பேப்பர் படித்தார், நான் ரசத்துக்குப் புளி கரைத்தேன். நடையில் சைக்கிள் சும்மா நின்றது. அவ்வளவு நீளமான ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததே இல்லை. கரையில் போன அந்த இரண்டு மணி நேரம் கையை விட்டுப் போய்விடுமோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில், சீட்டுக் கம்பிக்குப் பதிலாக மாட்டும் ஒரு சாமானைப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் ஒரு பொத்தான். உட்கார்ந்துகொண்டே அமுக்கினால் சீட் இறங்கும், எழுந்து அமுக்கினால் ஏறும். எந்த உயரத்தில் விரலை எடுக்கிறோமோ அங்கேயே நிற்கும். டிராப்பர் என்று பெயர். சாதாரண டிராப்பருக்குக் கேபிள் போக சைக்கிள் சட்டத்தில் ஓட்டை வேண்டும், எங்கள் சைக்கிளில் அது இல்லை. வயர்லெஸ் என்றால் பிரச்சினையே இல்லை, சின்னதாக ஒரு பேட்டரி, அவ்வளவுதான். தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு அந்த வீடியோவை ஏழு தடவை பார்த்தேன்.

"சீட்டுக்கு சார்ஜ் போடணுமா?" என்றார் அவர். விலையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். துடைத்ததால் விலை குறையவில்லை.

மூன்று வாரம் இதே பேச்சுத்தான். மழை பெய்தால் பேட்டரி என்ன ஆகும்? பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து, சீட் அவர் உயரத்திலேயே நின்றுவிட்டால் நான் எப்படி இறங்குவேன்? "ஏணி கொண்டாருதேன்" என்றார். மகளைக் கேட்டால், "அம்மா, அதெல்லாம் மலையில பெரிய பெரிய பாறையில இறங்குதவங்க வாங்குதது" என்றாள். நான் இறங்கும் சரிவை அவள் வந்து பார்த்தாளா என்ன?

கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. வெள்ளை அரளியை அவர் இலையில் மடித்துக் கட்ட வேண்டும், சிவப்பை நான். அவர் செருப்பை ஓரமாக விடப் போன நேரத்தில் என் கை ஒரு காரியம் செய்துவிட்டது. பூக்கடைக்காரம்மா சன்னதி முன்னால் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை! நான் குதிக்காத குறை. இவர் சும்மா இருந்திருக்கலாம். மிச்சப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தார். அதுவும் வெள்ளை.

"ஏட்டி, அம்மன்கிட்டயே உன் வேலையக் காட்டிட்டியா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பை அடக்கமாட்டாமல் தூண் மறைவுக்குப் போய்விட்டார். "இது செல்லாது. ஆனா கடையில போய்ப் பாக்கலாம்" என்றார் திரும்பி வந்து.

சனிக்கிழமை சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி டவுணுக்குப் போனோம். ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்த சைக்கிள் கடை. கடைக்கார அண்ணாச்சி காட்சிக்கு வைத்திருந்த ஒன்றை எங்கள் சைக்கிளில் மாட்டி, பொத்தானை அமுக்கச் சொன்னார். உட்கார்ந்து அமுக்கினேன். புஸ்ஸென்று இறங்கியது. எழுந்து அமுக்கினேன், பின்னாலேயே ஏறி வந்தது. இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். சைக்கிள் லைட்டுக்குப் பல்பு வாங்க வந்த ஒருவர் பல்பை மறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இவர் ஏறினார். "எனக்கு ஒரு தடவ குடுங்க", "இரு, இப்பதான ஏறுனேன்" என்று அங்கேயும் சண்டை.

"எடுத்துருவோம்" என்றார் இவர்.

அண்ணாச்சி பில் புத்தகத்தைத் திறந்துவிட்டு எங்களைப் பார்த்தார். "நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. இந்த விலைக்கு அக்காவுக்கு இன்னொரு சைக்கிளே எடுத்துரலாமே. ரெண்டு பேரும் சேந்தே ஓட்டலாம்லா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூன்று வாரம், மகளின் யோசனை, இரண்டு பொட்டலம் அரளி. இதற்குள் ஒரு தடவைகூட எங்களுக்கு இது தோன்றவில்லை! கோயிலில் நான் செய்த வேலைக்கு அம்மன் அண்ணாச்சியின் வாயால் பதில் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அண்ணாச்சி எனக்கேற்ற ஒரு சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல அப்படிப் பொருந்தியது. இரண்டு காலும் தரையில் பதிந்தன. குறை சொல்ல ஒன்றுமே இல்லாதது எனக்கே எரிச்சலாக இருந்தது. "ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்றார். இவர் எங்கள் பழைய சைக்கிளில் ஏறினார், நான் புதியதில். முதல் தடவையாகச் சேர்ந்து ஓட்டினோம்.

பத்துப் பதினைந்து மிதிக்குள் இவர் முன்னால் போய்விட்டார். அவர் கால் நீளத்துக்கு அது இயல்புதான். நடுவில் ஒரு டவுண் பஸ் புகுந்தது. "பைய போங்க" என்று கத்தினேன், ஹாரன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. முனையில் திரும்பி மறைந்துவிட்டார். நல்ல சைக்கிள், நல்ல வெயில், அல்வாக் கடை வாசலில் நெய் வாசனை. எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை.

முனை திரும்பினால், ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வந்த வழியையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் நின்னுட்டிய?"

"ஒண்ணுமில்ல." பிரேக்கைத் தடவிக்கொண்டார். பிறகு, "பின்னால உன் சத்தமே கேக்கலட்டி. ஓட்டவே பிடிக்கல" என்றார்.

ஜவுளிக்கடை பொம்மையைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

கடைக்குத் திரும்பினோம். "அக்காவுக்கு எந்தக் கலர்?" என்று கேட்டார் அண்ணாச்சி. "சைக்கிள் வேண்டாம், அந்த சீட்டுக் கம்பியவே குடுங்க" என்றார் இவர். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நினைத்தால் நினைக்கட்டும்.

மறுநாள் காலை மதகில் இவர் இறங்கினார், நான் ஏறிப் பொத்தானை அமுக்கினேன், என் உயரம் வந்ததும் விரலை எடுத்தேன். முன்பெல்லாம் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் சரளைச் சரிவு எதிரே இருந்தது. சீட்டை இன்னும் அடிவரைக்கும் இறக்கிவிட்டு உருள ஆரம்பித்தேன். பின்னால் ஸ்கூட்டர் உறுமியது.

"ஏட்டி, பிரேக்க மொத்தமா புடிக்காத, பைய புடி! பாத்து, பாத்து, அங்கன கல்லு கெடக்கு!"

"தெரியுது, வாய மூடிட்டு வாங்க!"

சரிவு முடிகிற வரைக்கும் அவர் வாயை மூடவே இல்லை.