கொழும்புக்குப் போன கப்பலும் குச்சில் இருந்த நானும்

நான் வயதுக்கு வந்தபோது என் தாய்மாமன் நடுக்கடலில் இருந்தார். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கும் இப்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் இடையில், ஊரை விட்டுத் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் தெரு. நைனாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். அம்மாவோடு கூடப் பிறந்தவர் ஒரே தம்பி. அவர் சென்னையில் ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்து, யாரையோ பிடித்து, வெள்ளைக்காரர்கள் உல்லாசப் பயணம் போகிற பெரிய கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கேயும் பாத்திரம்தான் கழுவினார். அதை யார் கேட்டார்கள்? 'கப்பல்காரன் அக்கா வூடு' என்று எங்கள் வீட்டுக்குப் பெயரே வந்துவிட்டது. அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

என் பெருமை வேறு. நான் ஓடுவேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது உத்திரமேரூரில் நடந்த போட்டியில் நானூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன், காலில் செருப்புகூட இல்லாமல். அடுத்தது காஞ்சிபுரத்தில் மாவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் எடுத்துக்கொள்வார்கள், சாப்பாடு, படிப்பு, ஷூ எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எங்கள் விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். அந்த விடுதி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் சோறு தின்னும்போதும் களை பறிக்கும்போதும் அதே நினைப்பு.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் என் உடம்புக்கு அவசரம் வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து வாசலோரம் ஒரு குச்சு கட்டவேண்டும். ஆள் ஒருத்தி முழங்காலை மடக்கி உட்காரும் அளவுக்கான குடிசை அது. பெண் அதில் தனியாக இருக்கவேண்டும். பிறகு ஒரு நாள் பார்த்து, மாமன் சீர் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அவர் தந்த புடவையைக் கட்டவைத்து, குச்சைப் பிரித்துக் கொளுத்துவார்கள். அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கலாம். அதுவரை பள்ளிக்கூடம் கிடையாது, ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது. குச்சு வாசலில் குறுக்கே ஓர் உலக்கை கிடக்கும்.

மாமா கடலில் இருந்ததால், அம்மாவின் பெரியப்பா மகன் வந்து ஓலையைக் கட்டிவிட்டுப் போனார். தண்ணீரையும் அவரே ஊற்றட்டுமே என்றார்கள் தெருப் பெண்கள்.

"கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல இன்னொருத்தன் வந்து நிக்கறதா? நல்லா கீதே ஞாயம்" என்றாள் அம்மா.

அவள் அடம்பிடித்ததற்குக் காரணமும் இருந்தது. கப்பல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரப்போகிறது, ஒரு பகல் முழுக்கத் துறைமுகத்தில் நிற்கும் என்று மாமா முன்னமே சொல்லியிருந்தார். அந்த நாள் போட்டிக்கு முன்னால் வந்தது. காலையில் இறங்கி பஸ் பிடித்து வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். டீச்சர் மொபெட்டில் வந்து விசாரித்தபோது அம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்: "தண்ணி ஊத்தின மறுநாளே அனுப்பறேன் டீச்சர். நீங்க பேர வுட்டுடாதீங்க." நான் ஓலை இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் நம்பினார். நானும் நம்பினேன்.

குச்சுக்குள் எனக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. நாள் தவறாமல் வந்தது. இடுப்பு பலப்படுமாம். இடுப்பு பலப்பட்டதோ என்னவோ, கால் மரத்துப்போனது. யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து, கூரையில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டு, நின்ற இடத்திலேயே ஓடுவேன். ஓலை சலசலக்கும். "அடங்கி உக்காருடி" என்று வெளியிலிருந்து குரல் வரும்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஓர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. கப்பல் நிற்கிற ஊரிலிருந்து மாமா அங்கே போன் போடுவார். பூத்காரர் எங்கள் பக்கம் வரும் டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவார். நைனா வேலையைப் போட்டுவிட்டு சைக்கிளில் பறப்பார். மாமா மறுபடி கூப்பிடும்வரை பூத் வாசலில் காத்திருப்பார். எங்களுக்குக் கடலோடு இருந்த சம்பந்தம் இவ்வளவுதான்.

முதல் போன் பினாங்கிலிருந்து வந்தது. திரும்பி வந்த நைனாவை அம்மா வீட்டுக்குள் கூட்டிப்போனாள். உள்ளே வெகுநேரம் பேச்சு. அப்புறம் நைனா குச்சுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எனக்குச் சேதி சொன்னார்.

"கப்பல்ல மிஷின் ரிப்பேராம்மா. பாதி வேகத்துலதான் போவுதாம். அதனால மெட்ராசுக்கு வராம நேரா கொழும்புக்குப் பூடுதாம். அங்க ரிப்பேர் பண்ணிட்டு கொச்சிக்கு வருமாம். கொச்சியில எறங்கி ரயிலப் புடிச்சி வந்துடுவான். அதுவரிக்கும் பொறுத்துக்கினு இரு."

"போட்டிக்குள்ள வந்துடுவாரா நைனா?"

"வந்துடுவான், வந்துடுவான்."

என்னிடம் சமூக அறிவியல் புத்தகம் இருந்தது. அதில் இந்தியா படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கொழும்பிலிருந்து கொச்சிக்கு விரலால் அளப்பேன். படத்தில் அரை விரல்கூட இல்லை. இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊருக்கு வர ஒரு கப்பலுக்கு என்ன கேடு? அதை ஓட்டுகிறவனையும், மிஷினைச் செய்தவனையும், அதில் ஏறி ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர்களையும் வாய்விட்டுத் திட்டினேன். எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் அந்தக் கப்பலுக்குச் செலவழித்தேன்.

இரண்டாவது போன் கொழும்பிலிருந்து. மிஷினுக்கு ஏதோ சாமான் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டுமாம், வரவில்லையாம். "ஒரே பேஜாரா கீதாம்" என்றார் நைனா. அவர் குரலில் சுரத்தே இல்லை. மாமாவுக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்து அவர்மேல் பாவப்பட்டேன்.

குச்சு ஓலை பழுத்து, பிறகு காய்ந்து, தொட்டால் பொடியாக உதிர ஆரம்பித்தது. எல்லார் வீட்டுக் குச்சும் பச்சையாக இருக்கும்போதே எரியும். என்னுடையது கோழிக்கூண்டு மாதிரி நின்றது.

போட்டியன்று விடிந்தும் விடியாமல் மொபெட் சத்தம் கேட்டது. டீச்சரே வந்துவிட்டார். நான் தலையை வாரிப் பின்னி, தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். எதற்கு வாரினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

"கப்பல் இன்னும் வரல டீச்சர்" என்றாள் அம்மா.

"கப்பலுக்கும் இவ ஓடறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மாமன் தண்ணி ஊத்தாம தாண்ட வுடமாட்டோம். குடும்பத்துக்கு ஆவாது."

டீச்சர் குச்சுப் பக்கம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். வருகிறாயா என்று கேட்டார். என் கால்முன்னால் உலக்கை கிடந்தது. அதைத் தாண்ட ஓர் எட்டுகூட வேண்டாம். எத்தனையோ வாய்க்காலைத் தாண்டிய கால்தான். ஆனால் அன்றைக்கு எழவில்லை. அப்படி ஓர் இயலாமையை அதற்கப்புறம் நான் அனுபவித்ததில்லை. டீச்சர் வண்டியைக் கிளப்பினார். ஏரிக்கரை திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

அடுத்த சில நாளில் மூன்றாவது போன். கொச்சியும் இல்லை. பயணிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் கப்பலைச் சிங்கப்பூருக்கே திருப்பிக்கொண்டு போகிறார்களாம். அப்புறம் அம்மாவின் பெரியப்பா மகன்தான் தண்ணீர் ஊற்றினார். அவரையே வைத்து முடிப்பதென்றால் எனக்கு எதற்கு இத்தனை நாள் சிறை என்று கேட்க நினைத்தேன். சுற்றிலும் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமா சில மாதம் கழித்து லீவில் வந்தார். எனக்குப் பட்டுப்பாவாடைத் துணியும் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்கும் கொண்டுவந்திருந்தார். நைனாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். மாமா கப்பல் கதை சொன்னார். சென்னைக்குப் போகவில்லை என்றதும் பயணிகள் சத்தம் போட்டார்களாம். கேப்டன் மைக்கில் மன்னிப்புக் கேட்டாராம். அன்றைக்கு எல்லாருக்கும் ஓசியில் விருந்தாம், பாத்திரம் மலையாய்க் குவிந்து இவர் கை வெந்துபோனதாம். எங்களுக்கு யார் மைக்கில் மன்னிப்புக் கேட்டார்கள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே குழம்பு ஊற்றினேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் தலையைத் தூக்கினார்.

"அத்த வுடு. ஓட்டப் பந்தயத்துல எத்தினியாவதா வந்தே? அத்தச் சொல்லவேயில்லையே நீ."

"நான் போகல மாமா."

"ஏன்?"

"நீங்க வரலயே."

மாமா என்னையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா இது? பினாங்குலேர்ந்து பேசசொல்லவே உங்க நைனாகிட்ட சொன்னேனே. இந்தக் கப்பல நம்பாதீங்க, எனக்கோசரம் நிக்காதீங்க, பெரிப்பா மவன வெச்சி தண்ணிய ஊத்திட்டுப் புள்ளைய ஓட அனுப்புங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே!"

நைனா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"அவர ஏன் பாக்கறே? நான்தான் சொல்லவேணாம்னேன். வயசுக்கு வந்தவள அரை டவுசரு போட்டுக்கினு ஆம்பளைங்க நடுவுல ஓட வுடுவாங்களா? ஊரு இன்னா பேசும்?"

எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை மாதம் நான் திட்டித் தீர்த்த கப்பல் பாவம், அது பாட்டுக்கு ரிப்பேர் ஆகி நின்றிருக்கிறது. அந்தக் கோபத்தை இப்போது யார் மேல் காட்டுவது? எதிரில் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நைனா மேலா? ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

"அம்மா, கப்பல் சொன்ன தேதிக்கு மெட்ராசுக்கு வந்திருந்தா என்னை அனுப்பியிருப்பியா?"

அம்மா ரசச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"மாமனுக்கு ரசம் ஊத்து" என்றாள்.