சென்னியப்பன் அங்கிளுக்கு வேண்டிய சீட்டு

சீட்டாட்டக் கிளப்பில் ஜெயித்தவர் தன் மூளையை மெச்சிக்கொள்வார், தோற்றவர் சீட்டுப் போட்டவளை முறைப்பார். கல்லாவிலோ ரிசப்ஷனிலோ கஸ்டமர் கேரிலோ உட்கார்ந்து, அடுத்தவர் துரதிர்ஷ்டத்துக்குத் திட்டு வாங்கியவர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம கட்சிதான்.

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் ஒரு கிளப்பில் சீட்டுப் போடும் பகல் ஷிஃப்ட் டீலராக இருந்தேன். என் மேஜையில் ஆடியது ஒமாஹா. ஆளுக்கு நான்கு சீட்டு. நடுவில் மூன்றைத் திறந்து வைப்பேன், அதுதான் ஃப்ளாப். பிறகு ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று சேர்த்து ஐந்து சீட்டு ஜோராக அமைய வேண்டும். ஃப்ளாப்பில் ஒன்றுமே சேர்ந்திருக்காது, ஆனால் அடுத்து எது வந்தாலும் சேரும் போலிருக்கும். அந்த மாதிரிக் கைக்கு டிரா என்று பெயர். அது கையில் வந்தால் சாதுவான ஆளும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அந்த மேஜையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது டிராவைத் தவிர வேறு எதையும் மதிக்காத ஒரு மனிதர்.

ரம்மிக் கை

சென்னியப்பன் அங்கிள் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆன்ட்டி தவறிய பிறகு தினமும் மத்தியானம் தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார், ஃப்ரீவே ஏறாமல் உள்ரோடாகவே. மற்றவர்கள் சீட்டை மேஜையில் கவிழ்த்தபடி வைத்து ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பார்கள். இவர் ரம்மி ஆடி வளர்ந்தவர். நான்கையும் கையில் எடுத்து, விரித்து, வரிசையாக அடுக்குவார். ஃப்ளாப் விழுந்ததும் ஒரு சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றினார் என்றால் பெரிய டிரா என்று அர்த்தம். மேஜையே சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடும்.

எதிர் நாற்காலியில் கார்த்திக், சென்னைப் பையன், ஸ்டார்ட்-அப்பில் வேலை. பொறுக்க முடியாமல் ஒருநாள், "அங்கிள், நீங்க அரேஞ்ச் பண்றத பாத்தே எல்லாரும் ஃபோல்ட் பண்ணிடறாங்க. அப்படியே வெச்சு ஆடுங்க" என்றான். அங்கிள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அடுக்காம வெச்சா சீட்டு எப்புடிங் தம்பி சேரும்?"

இங்கிலீஷ் மட்டும்

ஆட்டம் நடக்கும்போது மேஜையில் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். இரண்டு பேர் வேறு பாஷையில் பேசிக் கூட்டுச் சேர்ந்துவிடக் கூடாதே. அங்கிளோ டிரா வந்தால், "வா சாமி, வந்துரு, உனக்காகத்தான் உக்காந்திருக்கறேன்" என்று ஆரம்பித்துவிடுவார். சூப்பர்வைசர் என்னை முறைப்பார். நான் அங்கிளிடம், "இங்கிலீஷ் ஒன்லி, சார்" என்பேன். சொந்த பாஷையைப் பேசாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக இருக்கிறது. கொஞ்சம் கூச்சமாகவும்.

ஆட்டம் முடிந்ததும் அவர் நியாயம் கேட்டார்.

"நான் ஆளுகிட்டயா பேசுனேன்? சீட்டுகிட்டத்தானுங்க அம்மணி பேசுனேன்."

ஃபிரிஸ்கோ ரூம்

ஒரே மகள் டெக்சஸில், ஃபிரிஸ்கோவில். "தனியா இருக்காதீங்கப்பா, வந்துடுங்க" என்று வருஷக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கடைசியில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். கார் லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வருகிறது. லைசென்ஸ் ஆபீஸான டி.எம்.வி.யில் கண் டெஸ்ட் பாஸ் ஆனால் அவர் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஃபிரிஸ்கோ. இதைச் சொன்ன அன்று அங்கிள் டிராவைக்கூட ஒழுங்காக ஆடவில்லை.

"கீழ் ரூம் எனக்குத்தானாமா. வாரம் தவறாம அனுமார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாளாமா. எல்லாம் இருக்குதுங்க அம்மணி, நாலு சீட்டுப் போடத்தான் ஆளில்ல."

இரண்டும் சிவப்பு

அடுத்த வாரம் ஒரு பெரிய ஆட்டம். அங்கிளும் கார்த்திக்கும் மட்டும் மிச்சம். கடைசிச் சீட்டு விழுந்ததும் நடுவில் மூன்று டைமண்ட். அங்கிள் முகம் மலர்ந்து, கையிலிருந்து இரண்டு சிவப்புச் சீட்டை எடுத்து வைத்தார். ஒன்று டைமண்ட் ராஜா. இன்னொன்று ஆட்டின் ஐந்து, இங்கிலீஷில் ஹார்ட். கையிலும் இரண்டு டைமண்ட் இருந்து ஐந்தும் ஒரே ஜாதியானால்தான் ஜெயிப்பு. சீட்டை உள்ளபடி படித்துச் சொல்வது டீலர் கடமை. சொன்னேன். அந்த வேலையில் என் வாய்க்கு வர மறுத்த வார்த்தை என்றால் அன்றைய 'ஹார்ட்' தான்.

அங்கிள் அந்தச் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெயித்தவன் கார்த்திக். பந்தய வில்லைகளான சிப்ஸை அவன் தொடவேயில்லை.

"இந்த டேபிள்ல லைட்டே சரியில்ல அங்கிள். நானே காலைல தப்பா பாத்தேன்."

டீ மெஷின் டெஸ்ட்

அதற்குப் பிறகு பிரேக்கில் ஒரு கூத்து. கார்த்திக் டீ மெஷின் பக்கம் நின்று போனில் கண் டெஸ்ட் சார்ட் எழுத்துகளைக் காட்டுவான், அங்கிள் இந்தக் கோடியிலிருந்து படிப்பார். முதலில் தடுமாறினார். போகப் போகக் கடகடவென்று ஒப்பித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒருநாள் கடைசி வரியைச் சொல்லி முடித்தபோதுதான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

"முழுசா மனப்பாடம் பண்ணிட்டனுங்க. இனிக் கண்ணு எதுக்கு?"

ஒரே தடவை

டெஸ்டுக்கு மறுநாள் கார்த்திக்கின் காரில் வந்து இறங்கினார். நேராக வந்து மேஜையில் உட்கார்ந்தார். ஃப்ளாப்பில் எட்டு, ஒன்பது, இரண்டு. அங்கிள் கையில் ஆறு, ஏழு, பத்து, ஜாக்கி என்பது பிறகு தெரிந்தது. ரம்மி ஆடியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மிச்சக் கட்டில் ஏறக்குறைய பாதி அவருக்கு வேண்டிய சீட்டு. அன்று அவர் எதையும் மாற்றி அடுக்கவில்லை. இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினார். நடுவிலிருந்ததோடு சேர்த்து மூன்று ஒன்பது வைத்திருந்த கார்த்திக்கும் தள்ளினான்.

இப்படி மோதிக்கொண்டால், இருவரும் சம்மதித்தால், மிச்சச் சீட்டை இரண்டு தடவை போட்டு, தடவைக்குப் பாதிப் பணம் என்று பிரிப்பது வழக்கம். அங்கிள் எப்போதும் இரண்டு தடவைதான் கேட்பார். அன்று, "ஒண்ணே போதுங்" என்றார். தமிழில்தான் சொன்னார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஏஸ். உதவாது. "வா சாமி" என்று அங்கிள் முணுமுணுத்தார். கடைசிச் சீட்டைத் திருப்பினேன். குயின் என்று சொல்ல வேண்டிய நான், "ராணி, அங்கிள்" என்றேன். எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி. கார்த்திக் எழுந்து கை தட்டினான். சிப்ஸை அவர் பக்கம் தள்ளும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கிள் சீட்டுகளை வரிசையாக அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"இங்க வந்துருச்சுங்க அம்மணி. அங்க வேற சார்ட்டு வெச்சுட்டாங்க. சனிக்கெழம பொண்ணு வர்றா."

அப்புறம் நானும் அந்த வேலையை விட்டு நியூ ஜெர்சி வந்துவிட்டேன். டீலர் கையில் கட்டு முழுக்க இருக்கும், வேண்டியவருக்கு வேண்டிய சீட்டை எடுத்துக் கொடுக்கிற அதிகாரம் மட்டும் இருக்காது.